முதல் பெட்டியில் புள்ளடி

ஆரணி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு வட்டம். பிறந்தநாள் கேக்கை வெட்டி வைத்ததுபோல நிறம் நிறமான துண்டுகள்.

"இதுதான் அன்ரி எங்கட பரோ. ஆர் ஆர் எவ்வளவு பேர் இருக்கினம் எண்டு இதிலை இருக்கு," என்றாள்.

லண்டனில் எங்கள் பரோவின், அதாவது எங்கள் நகரப் பிரிவின், கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடி. வெளியே மழை. என் குடை மேசைக் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆரணியின் விரல் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் போனது. வெள்ளையர், இந்தியர், கறுப்பினத்தவர், பாகிஸ்தானியர். கடைசியில் "ஏனைய ஆசியர்" என்று ஒரு துண்டு. அதைத் தட்டினாள். அது உடைந்து இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக விரிந்தது.

"இதிலை நாங்கள் எங்கை?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கீற்றைக் காட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அது கீற்றாகத்தான் இருந்தது.

"இவ்வளவுதான் அன்ரி. அதிலையும் எல்லாரும் இங்கிலீஷ் வெரி வெல் எண்டு போட்டிருக்கினம். தமிழிலை தனியா ஒரு ஸ்ட்ரோக் கிளப் நடத்த டேட்டா சப்போர்ட் பண்ணுதில்லை. ஐ ஆம் ஸோ சொறி."

ஆரணி இங்கே பிறந்த பிள்ளை. நான் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையில், கஸ்ரட் கொஞ்சம் கூட ஊற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டியபடி வரிசையில் நின்றவள். இன்றைக்கு அதிகாரி. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கீற்றை அவ்வளவு மெல்லிதாகச் சீவியது யாரென்று எனக்குத் தெரியும். என் கையும் அதில் இருந்தது.

இல்லாத கவுண்டி

எங்கள் ஆட்கள் இன்னமும் முகவரியில் மிடில்செக்ஸ் என்று எழுதுகிறார்கள். அந்தக் கவுண்டி, எங்கள் ஊர்க் கணக்கில் மாவட்டம், நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமல் போய்விட்டது. லண்டன் அதை விழுங்கிப் பரோக்களாகப் பிரித்துக்கொண்டது. ஆனாலும் கல்யாண அழைப்பிதழிலும் சரி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிலும் சரி, மிடில்செக்ஸ் தவறாமல் இருக்கும். இல்லாத கவுண்டியை விடாமல் எழுதிக்கொண்டிருந்த நாங்கள், இருக்கிற எங்களை எழுதாமல் விட்டோம்.

என் பரோ எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. வெம்பிளிக்குப் போகிற பஸ் எங்கள் தெருவால் போகும், அவ்வளவு போதும். அந்தத் தரிப்பில் காலையில் நின்றால் குஜராத்திக் கிழவிகளும் சோமாலித் தாய்மாரும் சீமெந்துத் தூள் படிந்த சப்பாத்துகளோடு ருமேனியப் பெடியன்களும் நிற்பார்கள். நடுவில் எங்கள் ஆட்கள், எப்போதும் யாரோடாவது போனில் கதைத்தபடி. முருங்கைக்காயைப் பெட்டி பெட்டியாக வாசலில் அடுக்கி வைக்கிற கடை எங்கள் தெருவில் மட்டும் நாலு இருக்கிறது. கீற்றளவு சனமா அத்தனை முருங்கைக்காயையும் தின்று தீர்க்கிறது?

துரும்பு

என் கணவரை எல்லாரும் குணம் அண்ணை என்பார்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட மினிகேப் ஓட்டியவர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்ததால் அவருக்கு இங்கிலீஷ் என்றால் ஒரு தனிப் பெருமை. நான் நாலு பேருக்கு முன்னால் ஏதாவது இங்கிலீஷில் சொன்னால், அதே வசனத்தைத் திருத்தி, இன்னொரு தடவை தான் சொல்லிக் காட்டுவார். அவருடைய வாயை அடைக்க வேண்டும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அந்த நினைப்புக்காகப் பிறகு நிறைய அழுதிருக்கிறேன்.

ஒரு பங்குனி மாதக் காலை, சவரம் செய்துகொண்டு நின்றவர் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படங்களைக் காட்டினாள். ஆப்பிள், கோப்பை, பூட்டுத் திறப்பு. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருட இங்கிலீஷில் ஒரு சொல் மிச்சமில்லை. பிறகு படித்த மொழி முதலில் போவது சிலருக்கு நடப்பதுதான் என்றார் டொக்டர்.

தமிழ் மெல்ல மெல்லத் திரும்பியது. அது வீட்டில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக் கிளப்பில் வந்தது.

பாரிசவாதம் வந்த எங்கள் ஆட்களுக்காகக் கவுன்சில் நூலகத்தின் பின்னறையில் நடத்திய கிளப் அது. வான் வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிப் போகும். தமிழ் பேசுகிற ஒரு பராமரிப்பாளர், இஞ்சி போட்ட தேத்தண்ணீர், மேசையில் சீட்டாடுகிற கடதாசிக் கட்டு. கடதாசி விளையாட்டு என்றால் எங்கள் ஆட்களுக்கு முந்நூற்று நாலுதான். இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து நாலு பேர் ஆட வேண்டும். இவருக்குக் கூட்டாளி, பொல்லு ஊன்றி வருகிற நேசன் அண்ணை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, இவர் இடது கையால் ஒரு வெட்டுக் கடதாசியை மேசையில் அடித்து, "துரும்பு" என்றார்.

விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொல் அது. என் பெயருமில்லை, தனிக் குடித்தனம் போன மகனுடைய பெயருமில்லை. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் சிறுவர் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினேன். அதன் பிறகு "தண்ணி" வந்தது, போதும் என்பதற்குக் "காணும்" வந்தது, ஒரு நாள் என் பெயரும் வந்தது.

அந்தக் கிளப்பைத்தான் மூடினார்கள். மூடினோம் என்று கடிதத்தில் எழுதவில்லை. பொதுக் கிளப்போடு இணைத்திருக்கிறோம் என்று எழுதினார்கள்.

பொதுக் கிளப்பில் எல்லாமே இங்கிலீஷ். இலக்கம் கூப்பிட்டு விளையாடுகிற பிங்கோ. இவருக்குக் காது கேட்காது என்று நினைத்து அங்கே வேலை செய்த பெண்கள் உரத்துப் பேசினார்கள். நல்ல பெண்கள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் வாரம் வான் வந்து இறக்கியபோது அவருடைய காற்சட்டை நனைந்திருந்தது. ரொய்லெற் போக வேண்டும் என்று தமிழில் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

அடுத்த கிழமை அவர் வானில் ஏறவில்லை. நான் கவுன்சிலுக்கு எழுதி நேரம் கேட்டேன். அப்படித்தான் ஆரணியின் மேசைக்கு முன்னால் போய் இருந்தேன்.

செருப்புகளுக்குப் பக்கத்து மேசை

இந்த நாட்டில் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகத் தலை எண்ணுவார்கள். கடைசியாக எண்ணியது கொரோனாக் கிருமிக் காலத்தில், இவர் விழுவதற்கு முன்பு. இணையத்தில் நிரப்பலாம் என்றார்கள். வயதான எங்கள் ஆட்கள் தாளாகவே கேட்டு வாங்கி, மடித்து, கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் வாசலில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை போட்டுத் தந்தார்கள். முகக்கவசம், கறுப்புப் பேனா, கை கழுவுகிற மருந்துப் போத்தல். என் இங்கிலீஷில் நம்பிக்கை இல்லாததால் இவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

உங்கள் இனம் என்ன என்ற கேள்வியில் சனம் நின்றுவிடும். இந்தியருக்குப் பெட்டி இருந்தது. பாகிஸ்தானியருக்கு, வங்கதேசத்தவருக்கு, சீனருக்கு எல்லாம் பெட்டி இருந்தது. எங்களுக்கு, "வேறு ஆசியர் என்றால் எழுதுக" என்று ஒரு வெற்றுக் கோடு.

"இலங்கையன் எண்டு எழுதவோ? அவங்களுக்குத் தப்பித்தானே இஞ்சை ஓடி வந்தனான்," என்றார் ஒருவர். ஈழத்தமிழன் என்று எழுதினார். அடுத்தவர் தமிழ் என்றார். இன்னொருவர் வெறும் ஆசியன் போதும் என்றார். ஒரு அம்மா சைவம் என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை நகரவில்லை. பிரான்சில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர், பாஸ்போட்டைத் தட்டிக் காட்டி, பிரெஞ்சு என்று எழுதினார். "நான் இண்டியன்லயே டிக் பண்றேன் அக்கா, வம்பு இல்ல பாருங்க," என்று மதுரைக்காரப் பெண் ஒருத்தி அரை நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு மட்டும்தான் அன்றைக்குத் தெளிவு இருந்தது.

எல்லாரும் ஒரே வரிசையில் நின்றவர்கள், ஒரே அர்ச்சனைத் தட்டுக்குக் காத்திருந்தவர்கள். தாளில் ஆளுக்கொரு சாதிச் சனம் ஆனார்கள். எண்ணுகிறவன் எழுதியதைத்தானே எண்ணுவான்.

அடுத்த பக்கத்தில் மொழி. உங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு பேச வரும்? நாலு பெட்டிகள். மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை.

இங்கேதான் இவர் நுழைந்தார். "வெரி வெல்லிலை போடு," என்றார். தன் தாளுக்கு மட்டுமல்ல, வந்த எல்லாருக்கும். "எங்கட ஆக்களுக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு வெள்ளைக்காரன் ஏன் நினைக்க வேணும்? முதல் பெட்டியிலை புள்ளடியைப் போடு."

ஒருவரும் மறுக்கவில்லை. "சிற்றிசன் எடுக்கேக்கை இங்கிலீஷ் சோதினை பாஸ் பண்ணினனாங்கள். இப்ப தெரியாதெண்டு எழுதினா பாஸ்போட்டைப் பறிப்பாங்களோ?" என்று ஒரு அம்மா என் காதோடு கேட்டா. முதல் பெட்டி. ஆரணியின் தாயும் வந்திருந்தா. பெற்றோர் கூட்டத்துக்குப் போவதென்றால், ரீச்சர் சொல்வதை மொழிபெயர்க்க என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவா. அவவும் முதல் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. முகக்கவசம் இருந்ததால் தப்பினேன்.

பட்டியலும் தலைகளும்

சிரிக்க முடியாத பிழை இன்னொன்று செய்தேன்.

"பிள்ளை, மேலறையிலை வாடகைக்கு இருக்கிற பெடியனையும் எழுத வேணுமோ? அவனுக்கு இன்னும் விசா இல்லை," என்று கேட்டார்கள். ஒருவரில்லை, பலர். விவரங்களை யாருக்கும் கொடுக்க மாட்டோம், எண்ணுவதற்கு மட்டும்தான் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அதை அவர்களுக்கு வாசித்தும் காட்டினேன். வாசித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, "எழுதாதேங்கோ," என்றேன்.

இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தேன். தங்கியிருக்கிற தமிழரின் பெயர்களைப் பொலிசில் பதிய வேண்டும். விடியப்புறம் வருவார்கள். பட்டியலைப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணுவார்கள். பட்டியலில் உள்ள தலை இல்லாவிட்டால், எங்கே போனது? பட்டியலில் இல்லாத தலை இருந்தால், எங்கிருந்து வந்தது? என் தம்பியின் பெயர் ஒழுங்காகப் பட்டியலில் இருந்தது. அதனால்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மேல் அவனைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

கோயில் வாசலில் தாள் நிரப்பிய அன்றைக்கு எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், டென்மார்க்கிலிருந்து வந்து முன்னறையில் படுத்த, இவருடைய அக்கா மகனான மருமகன், மேலறையில் இரண்டு பெடியன்கள். அந்த இரண்டு பேரின் அகதி வழக்கும் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தது. நான் தாளில் எழுதியது இரண்டு பெயர். மருமகனுக்கு விசாப் பிரச்சினை ஒன்றும் கிடையாது. இருந்தும் அவனையும் விட்டேன். கை பழகிவிட்டது.

மேலறைப் பெடியன்களில் ஒருவனுக்குப் பிறகு விசா கிடைத்து பேர்மிங்ஹாம் போய்விட்டான். மற்றவன் ஒரு திங்கட்கிழமை வழக்கம்போலக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனான். திரும்பி வரவில்லை. அவனுடைய ஜக்கெற் இன்னமும் மேலறைக் கொளுவியில் தொங்குகிறது. நான் எழுதாத பெயரை அவர்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

மறுபடியும் அந்த வட்டம்

ஆரணி பதிலுக்குக் காத்திருந்தாள். இந்த வட்டம் பொய் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பொய் என்றால் யார் சொன்ன பொய் என்று கேட்பாள். எத்தனை வீடு, யார் யாரை விட்டீர்கள் என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம்.

"பிள்ளை, உங்கட அம்மாவும் முதல் பெட்டியிலைதான் புள்ளடி போட்டவ," என்று மட்டும் சொன்னேன்.

ஆரணி சிரிக்கவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "தெரியும் அன்ரி. எனக்கு எட்டு வயசிலை இருந்து அவவுக்கு வாற லெட்டர் எல்லாம் நான்தானே வாசிக்கிறன். ஆனா எனக்குத் தெரியும் எண்டு நான் ரிப்போர்ட்டிலை எழுத ஏலாது. எவிடென்ஸ் வேணும்."

அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாள் எடுத்தாள். கிளப்புக்கு வந்த குடும்பங்களுக்கான சின்னப் படிவம். ஒரே ஒரு பக்கம். அந்தப் பழைய கேள்வியும் அதே நாலு பெட்டிகளும் இருந்தன.

"கிளப்புக்கு வந்த ஆக்கள் உண்மையைப் போட்டினம் எண்டால் நான் மனேஜரோடை கதைப்பன். இந்த மாத முடிவுக்கிடையிலை தாங்கோ."

லிப்டில் இறங்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. குடையை மேலே மறந்துவிட்டு நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பதினொரு வீடு

கிளப்புக்கு வந்தவர்கள் எங்களைத் தவிர்த்துப் பதினொரு வீடு. பதினொரு வீட்டுக்கும் போனேன்.

ஒரு வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். தாய் பின்னால் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக் கை காட்டினா. "அம்மாக்கு இங்கிலீஷ் ஃபைன் அன்ரி. ரீவி நாடகம் எல்லாம் அவ பார்க்கிறவ," என்று சொல்லிக்கொண்டே நின்ற நிலையில் முதல் பெட்டியில் கீறினாள். தாய்க்கு ரீவியில் பிடித்தது சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டில், காவல்காரன் மாதிரி நின்ற மகன், உதவிப் பணம் நிற்பாட்டுகிற வேலையா என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் முதல் பெட்டி.

நேசன் அண்ணையை நம்பிப் போனேன். அவருக்குப் பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. கிளப் இல்லாமல் வாடிப்போயிருந்தார். விளக்கமாக எல்லாம் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டார். பேனாவை வாங்கி முதல் பெட்டியில் போட்டார்.

"அண்ணை, இப்பதானே சொன்னனான்?"

"தங்கச்சி, நடை போச்சு. கார் ஓடுறதும் போச்சு. இங்கிலீஷும் இல்லையெண்டு என்ரை கையாலை எழுதினா, பிறகு என்னட்டை என்ன மிச்சம்?"

தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

நாலாவது பெட்டி

பன்னிரண்டாவது படிவம் எங்களுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை குசினி மேசையில் வைத்தேன்.

இவர் குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, பையில் கடதாசிக் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். வான் வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தச் சேர்ட்டைத்தான் போடுவார். நான் பாணில் சம்பல் பூசி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இரண்டு என்று எழுதினேன். மருமகனும் கல்யாணம் முடித்துத் தனியாகப் போய்விட்டான். முதல் தடவையாக உண்மையான இரண்டு. இனம் என்ற கோட்டில் தமிழ் என்று எழுதினேன். அவர் தலையாட்டினார்.

பிறகு நாலு பெட்டிகள். அவர் கண் அந்த இடத்தில் நின்றது. எழுத்துக்களை வாசித்தாரோ, பழைய படிவத்தின் ஞாபகத்தில் இடத்தைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. இடது கையின் சுட்டுவிரலை மெல்ல நகர்த்தி முதல் பெட்டியில் வைத்தார்.

"இல்லையப்பா," என்றேன். "உங்களுக்கு இப்ப இங்கிலீஷ் வராது. அதை எழுதினாத்தான் கிளப் வரும். நேசன் அண்ணை வருவார். கடதாசி விளையாடலாம்."

விரல் நகரவில்லை. அந்த விரலுக்கு மேல் என் கையை வைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டு, பேனாவை நாலாவது பெட்டிக்குக் கொண்டு போனேன். அவருடைய வாய் கோணியது. கழுத்து நரம்பு எழும்பியது. உள்ளே எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன்.

"வெரி வெல்," என்றார்.

அட்சர சுத்தமாக. மினிகேப் ஓட்டிய காலத்தில் எப்படிச் சொல்வாரோ, அப்படியே. அந்தப் பயிற்சிப் பெண் ஆறு மாதம் படம் காட்டியும் வராத இங்கிலீஷ். அதுதான் வந்தது, அது மட்டும்தான் வந்தது.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கோயில் வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த அதே இரண்டு சொல். என்னில் பாதி, அவருக்கு அதையாவது விட்டுக்கொடு என்றது. மற்றப் பாதிக்கு அந்த நனைந்த காற்சட்டை ஞாபகத்தில் இருந்தது.

நாலாவது பெட்டியில் புள்ளடி போட்டேன்.

படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு ஆரணி போனில் கூப்பிட்டாள். நாலாவது பெட்டி ஒன்றே ஒன்றுதான் வந்ததாம். ஒன்றை வைத்து மனேஜரோடு ஒன்றும் கதைக்க ஏலாதாம். என் குடை இன்னமும் அவளுடைய மேசைக்குக் கீழே இருக்கிறதாம், வந்து எடுத்துக்கொண்டு போகட்டாம். நான் போகவில்லை.

நான் புள்ளடி போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கடதாசிக் கட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சேர்ட் பொத்தான்களை இடது கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். அன்றைக்கு முழுவதும் என்னோடு தமிழிலும் ஒரு சொல் பேசவில்லை.